மூலப் பத்திரத்துக்கு முந்தின பக்கம்

2012ஆம் வருசம் தை மாசம். சென்னையிலிருந்து தம்பி போன் செய்தான். "ண்ணா, மனை ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நீ வந்து பத்திரத்த ஒரு தடவ படிச்சிட்டுச் சொல்லு" என்றான். எங்கள் குடும்பத்தில் பத்திரம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அடமானம், போக்கியம், கிரயம் என்று ஊரான் நிலத்துக் காகிதங்களையே காலமெல்லாம் புரட்டியவன். எங்கள் பேரில் படிக்க ஒரு காகிதமும் வீட்டில் இருந்ததில்லை.

திருவண்ணாமலையில் பஸ் ஏறி செஞ்சி, திண்டிவனம், மேல்மருவத்தூர் வழியாகச் செங்கல்பட்டில் இறங்கினேன். தம்பி பைக்கோடு நின்றிருந்தான். சென்னையில் எட்டு வருசத்தில் ஐந்து வாடகை வீடு மாறியவன் அவன். வீடு பார்க்கப் போனால் "சைவமா, அசைவமா?" என்பார்கள். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்பது நமக்குத் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். அதற்குப் பதில் சொல்லித் தப்பித்தால் "சொந்த ஊரு எது? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். கடைசியாக இருந்த வீட்டில், ஊரிலிருந்து அம்மா வந்து நாலு நாள் தங்கிய பிறகு, "எங்க சொந்தக்காரங்க வராங்க, வீட்டக் காலி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க ஒரு கிரவுண்டு மண் வேண்டும் என்று அவன் முடிவு செய்தது அன்றைக்குத்தான். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அதற்காக அவன் மனைவியின் நகை பேங்க்கில் இருந்தது.

மனை திருப்போரூரைத் தாண்டி, கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவில் இருந்தது. செம்மண் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கொடி, வாசலில் ஒரு ஆர்ச். புரோக்கர் மோர் வாங்கிக் கொடுத்தார். கையில் ஒரு பை காகிதம். பட்டா, சிட்டா, 30 வருசத்து வில்லங்கச் சான்று, பவர் பத்திரம் எல்லாம் இருந்தன. மூலப் பத்திரம் 1971ஆம் வருசத்துக் கிரயம். அதற்கு முந்தி என்ன என்று கேட்டேன். "அதுக்கு முந்தி எதுக்கு சார்? முப்பது வருசம் கிளியரா இருக்கில்ல? பேங்க்கே லோன் தர்றான்" என்றார். தம்பி அன்றைக்கே 25,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் காகிதத்தில் இல்லை. அந்த இடத்தின் பேரில் இருந்தது. அங்கிருந்து காரணை தூரமில்லை.

*

1994இல் நான் திருவண்ணாமலையில் கல்லூரி மாணவன். அந்த வருசம் அக்டோபரில் ஒரு நாள், விடுதிச் சுவரில் கையால் எழுதி ஒட்டிய சுவரொட்டியில்தான் காரணை என்ற பெயரை முதலில் பார்த்தேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், தலித் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நாட்டினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்துச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது 10.10.1994 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேரைப் பறிகொடுத்தோம். பஞ்சமி நிலம் என்றால் என்னவென்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் விடுதியில் இருந்த நிறைய பேருக்கும் தெரியாது. தங்கள் நிலம் எது என்றே தெரியாமல் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பாடப் புத்தகத்தில் காரன்வாலிஸ் இருந்தார், மன்றோ இருந்தார். டிரெமென்ஹீர் இல்லை.

ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர். அந்த வருசம் அக்டோபர் மாதம் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதை வெள்ளைக்காரனின் கருணை என்று படிக்க வேண்டியதில்லை. 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் சிலோனுக்கும் பர்மாவுக்கும் மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் சேரிகளைப் பற்றி எழுதித் தொந்தரவு கொடுத்தார்கள். நம்மவர்களும் சும்மா இல்லை. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893இல் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை கொண்டுவந்தார். இத்தனைக்கும் நடுவில் வந்ததுதான் டிரெமென்ஹீரின் குறிப்பு.

அதில் என்னை உலுக்கியது வயல்காட்டைப் பற்றிய பகுதி இல்லை, வீட்டைப் பற்றிய பகுதி. செங்கல்பட்டில் மிராசு முறை நடந்தது. மிராசு என்பது வாரிசுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல். ஊரின் விளைநிலம், தரிசு, ஏரி, தோப்பு எல்லாவற்றிலும் சில குடும்பங்களுக்கு முதல் பாத்தியதை என்பது அதன் பொருள். 1816இலேயே எல்லிஸ் துரை இதைப் பற்றிக் கேள்வி-பதிலாக விரிவாக எழுதி வைத்தார். சர்க்கார் தரிசை உழுது பயிரிட யார் வேண்டுமானாலும் தரக்காஸ்து மனு போடலாம் என்று சட்டம் சொன்னது. பறையன் மனு போட்டால் மிராசுதார் வந்து "அது எனக்கு வேணும்" என்பான். முதல் பாத்தியதை அவனுக்கு. அவன் அதை உழ மாட்டான், நம்மையும் உழ விட மாட்டான். நமக்குச் சொந்தமாக நிலம் வந்துவிட்டால் அவன் வயலில் இறங்க ஆள் ஏது?

இதைவிட மோசம், சேரியில் குடிசை நிற்கிற தரையும் மிராசுதாருடையது என்பது. வேலைக்கு வரவில்லை என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். ஓடு போட முடியாது, மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது. கூலி கூடக் கேட்க வாய் எழாது, ஏனென்றால் நின்று பேசுகிற தரையே அவனுடையது. டிரெமென்ஹீர் இரண்டையும் சேர்த்துக் கேட்டார்: பறையர்களுக்கு உழ நிலம் வேண்டும், குடியிருக்கச் சொந்த மனை வேண்டும். ரெவின்யூ போர்டு அவருடைய யோசனைகள் பலவற்றை ஏற்கவில்லை. ஆனாலும் 30.9.1892 அன்று 1010 எண் அரசாணை வந்தது. தரிசு நிலங்களில் ஒரு பங்கு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும், மீறி விற்றால் செல்லாது, சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்கிற நிபந்தனைகள் இந்த ஒப்படைகளோடு சேர்ந்தன. ரெவின்யூ பதிவேட்டில் இதற்கு 'டி.சி. நிலம்' என்று பேர். டிப்ரெஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம். நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். பழைய சென்னை மாகாணத்தில் இப்படி 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

வீட்டு மனை விசயம் இதற்கும் பின்தங்கியது. 1920களில் லேபர் கமிஷனர் துறை வந்தது. சேரிக்கு மனை வாங்கிக் கொடுத்தது. பல இடங்களில் அதுவும் கடன், தவணையில் கட்ட வேண்டும். விவசாயக் கூலிக்கு அவன் குடியிருக்கிற தரை சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல்தான். குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் அது. சுதந்திரம் வந்து 24 வருசம் கழித்து, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தி மூணு வருசம் கழித்து! ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978இல் வந்தது. நம் ஊர்களில் 'காலனி' என்று பேர் வாங்கியிருக்கிற தெருக்களின் பட்டாக்களை எடுத்துப் பாருங்கள். நம் தாத்தா பெயரில் ஒன்றுமிருக்காது. அப்பா பெயரில் இரண்டு சென்ட்டோ மூணு சென்ட்டோ இருக்கும்.

எங்க ஆயா ஒரே வாக்கியத்தில் சொல்லும்: "குடிச நம்முளுது, தர அவங்குளுது. கூரையத்தான் தூக்கிக்கினு போவலாம்." ஒரு தரம் எங்க தாத்தா காய்ச்சலில் படுத்து மூணு நாள் ஏர் பூட்டப் போகவில்லை. நாலாம் நாள் ஆண்டை வந்து திண்ணையில்லாத எங்கள் வாசலில் நின்று, "எப்ப எறவாரத்தப் பிரிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனானாம். தாத்தா காய்ச்சலோடு ஏர் பூட்டினார். என் தம்பியிடம் சென்னை வீட்டுக்காரர் "காலி பண்ணிக் குடுங்க" என்று சொன்னபோது, தாத்தா வாசலில் கேட்ட குரல்தான் எனக்குக் கேட்டது.

*

செங்கல்பட்டில் எனக்கு ஒரு தோழர் இருந்தார். காரணைக் காலத்திலிருந்தே நில மீட்பு வேலை செய்தவர். அவரிடம் மனையின் சர்வே நம்பரைக் கொடுத்தேன். "தோழரே, வில்லங்கச் சான்று பத்திர ஆபீஸ் காகிதம். பதிஞ்ச பத்திரம் மட்டுந்தான் அதுல தெரியும். நிலம் யாருக்கு எந்த நிபந்தனையில வந்ததுன்னு ரெவின்யூ காகிதத்துலதான் இருக்கும். அ-பதிவேட்டப் பாக்கணும். அதுவும் பழசப் பாக்கணும்" என்றார். ஏன் பழசு? 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் யு.டி.ஆர். என்கிற பட்டா மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அப்படி எழுதும்போது 'டி.சி.' என்கிற இரண்டு எழுத்து பல இடங்களில் விட்டுப்போனது. கை தவறி விட்டதா, கை நீட்டி விட்டதா என்பதை அந்தந்த ஊர்ச் சேரியைக் கேட்டால் சொல்வார்கள்.

நான்கு நாள் அலைந்தோம். புதிய பதிவேட்டில் ஒன்றுமில்லை. தனியார் பட்டா, சுத்தம். பழைய செட்டில்மென்ட் பதிவேடு செல்லரித்திருந்தது. கடைசிக் கலத்தில் மை மங்கிப்போய் இருந்தது அந்தக் குறிப்பு: டி.சி. எதிரே ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் சாதி. 1971ஆம் வருசத்து மூலப் பத்திரத்துக்கு முந்தின பக்கம் அதுதான்.

மனைப்பிரிவிலிருந்து ஒரு கிலோமீட்டரில் சேரி. தோழர் அங்கே கூட்டிப்போனார். அந்தப் பெயருக்குப் பேரன் முறையாகிற பெரியவர் ஒருவர் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சர்வே நம்பர் சொன்னால் புரியவில்லை. "ஆர்ச்சு கட்டிக்கீறானே, அதா? அது எங்க தாத்தா கெயங்கு போட்ட காடு" என்றார். எப்படிப் போனது? "எங்க அத்த கல்யாணத்துக்கு ரெண்டு மூட்ட நெல்லு வாங்கனாரு. கைநாட்டு வெச்சாரு. போக்கியம்னுதான் சொன்னானுவளாம். எழுதனது கிரயம்." கோபமில்லாமல் சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம்.

ஒரு ஊரின் கதை இல்லை இது. நிலம் நம் கையைவிட்டுப் போன வழிகள் எங்கும் ஒரே மாதிரிதான். கல்யாணக் கடன், சாவுக் கடன், கைநாட்டு. நிலம் நம்முடையது, கிணறு அவனுடையது, எனவே தண்ணீர் இல்லை. நிலம் நம்முடையது, வண்டிப்பாதை அவனுடையது, எனவே எரு கொண்டுபோக முடியாது. இதற்கெல்லாம் அசையாதவனுக்குக் கர்ணத்தின் பேனா இருந்தது. நிபந்தனை நிபந்தனையாகவே காகிதத்தில் கிடந்தது. செல்லாத கிரயத்தைப் பதிவு செய்ய ஒரு சர்க்கார் ஆபீஸ், அதற்குப் பட்டா மாற்ற இன்னொரு சர்க்கார் ஆபீஸ்.

மறுநாள் புரோக்கரிடம் போய், "இது டி.சி. நிலம். அட்வான்சத் திருப்பிக் குடுங்க" என்றோம். அவர் பதறவில்லை. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க, நீங்க எஸ்.சி.ங்களா?" தம்பி ஆமாம் என்றான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்ப உங்களுக்குப் பிரச்சினையே இல்ல சார். எஸ்.சி. வாங்கலாம்னு ரூல்லயே இருக்கு. இன்னும் சொல்லப்போனா, பக்கத்து ரெண்டு ஏக்கரையும் உங்க பேர்ல பதிஞ்சிக்கலாம். சாதிச் சான்றிதழ் மட்டும் குடுங்க. உங்களுக்கு ஒரு கிரவுண்டு சும்மா."

எட்டு வருசமாகத் தம்பி எந்தச் சாதியை மறைத்து வாடகைக்கு வீடு தேடினானோ, அந்தச் சாதிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை விலை வைத்தார்கள். சான்றிதழ் நம்முடையது, நிலம் அவனுடையது. ஆயா சொன்ன கூரையும் தரையும் மாதிரிதான்.

பஸ்ஸில் தம்பி கேட்டான்: "ண்ணா, அந்த ஆளு சொல்றதுல தப்பு என்ன? நாம எஸ்.சி.தானே. நம்ம நெலம் நம்மகிட்ட வரட்டுமே." இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்கிறவர்களிலும் சிலருக்கு இது வரும். சட்டப்படி பதில் சுலபம். முதல் விற்பனையே நிபந்தனையை மீறியது, எனவே அதன் மேல் எழுதிய அத்தனை பத்திரமும் மணல் மேல் நிற்கிறது. ஐந்தாவது ஆளாக ஒரு தலித் வந்து நின்றால் முதல் ஓட்டை அடைபடாது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு இப்படிப் பஞ்சமி நிலத்தில் வீட்டு மனை வாங்கிக் குடியிருந்தவர்கள் போனார்கள். அவர்களுக்கு நீதிமன்றம் உரிமை கொடுக்கவில்லை. ஆனால் என்னைத் தடுத்தது சட்டம் இல்லை. புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர். நாங்கள் காசு கொடுப்பது அவருக்கு இல்லை. அவருடைய தாத்தாவிடம் கைநாட்டு வாங்கியவனுக்கு. அவர் சாதியில் பிறந்த எங்கள் பெயரைச் சாட்சியாக வைத்து அவரை இன்னொரு தரம் வெளியேற்றும் வேலை அது.

டோக்கன் பணம் திரும்பி வரவில்லை. தம்பி மூணு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "சரித்திரம் பேசனா வீடு வருமா ண்ணா?" என்று கேட்டான். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

*

அந்தக் கடற்கரையில் நடந்ததைத் தொகுத்துப் பாருங்கள். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000இல். கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலை ஆனது 2002இல். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. கெயங்கு போட்ட காடெல்லாம் சதுர அடிக் கணக்குக்கு வந்தது. அதே 2000இல், அதே சாலையில், துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. நகரத்துக்குள் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த குடிசைகளைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். போனவர்களில் பெரும்பகுதி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நகரத்துக்குள் இருந்த தலித்தை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். நகரத்துக்கு வெளியே இருந்த தலித் நிலத்தை நகரமாக்கி விற்றார்கள். இரண்டும் ஒரே சாலையில், ஒரே காலத்தில் நடந்தன. இதற்குப் பேர் வளர்ச்சி.

அரசாங்கங்களுக்குத் தெரியாத விசயமா? சிறுதாவூரில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 20 தலித் குடும்பங்களுக்குக் கொடுத்த 53 ஏக்கர் கைமாறிவிட்டதாகப் புகார் வந்தது. 2006இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.பி. சிவசுப்பிரமணியம் தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். பஞ்சமி நிலங்களைக் கண்டறிய 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி எம். மருதமுத்து தலைமையில் மூவர் குழு போட்டார்கள். குழுவும் ஆணையமும் வந்தன. புளிய மரத்தடிப் பெரியவருக்கு நிலம் வரவில்லை.

கடல் தாண்டியும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிரான உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், 1865 ஜனவரியில், ஜெனரல் ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தென் கரோலினா, ஜார்ஜியா, பிளாரிடா கடற்கரையிலும் தீவுகளிலும் கைவிடப்பட்ட நிலத்தை, விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னது அது. சுமார் 40 ஆயிரம் பேர் குடியேறினார்கள். அந்த வருசமே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய ஆண்டைகளுக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். எப்படியோ கொஞ்சம் நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உல்லாச விடுதிகளும் கோல்ஃப் மைதானங்களும் அந்தக் கடற்கரையைப் பறித்தன. அங்கே கடற்காற்றுக்கு விலை வந்தது. இங்கேயும் வந்தது. விலை வந்த பிறகு ஏழையிடம் எந்த நிலமும் தங்குவதில்லை.

*

இப்போது என் ஊருக்கு வருகிறேன். செங்கல்பட்டுக் கதையைச் சொல்லிவிட்டு திருவண்ணாமலைக்காரன் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எங்களுக்குக் கடல் இல்லை, மலை இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. வெளிமாநிலத்துக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் மலை தெரிகிற சன்னல் தேடி வருகிறார்கள். நான் சின்னப் பையனாக மாடு மேய்த்த மானாவாரிக் காடுகளில் இன்று 'மலை தெரியும் மனைகள்' என்று போர்டு நிற்கிறது. அங்கே எழும்புகிற வீடுகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் காலனிப் பெண்கள். மாலையில் திரும்பி வந்து, நாலு பேர் படுக்க முடியாத தொகுப்பு வீட்டில் சோறு ஆக்குகிறார்கள்.

எங்க ஆயா சாகிறவரைக்கும் ஒரு காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. "வேப்ப மரத்துலேர்ந்து ஓட வரைக்கும் நம்ம காடு. எங்க மாமனாருக்குச் சர்க்காரு குடுத்தது. கம்பு வெதச்சோம்." வயசான காலத்தில் உளறுகிறது என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன். வரலாறு படித்தவன், பத்திரம் படிக்கிறவன், என் ஆயா சொன்ன வாய்மொழியைக் கணக்கில் எடுக்கவில்லை. செங்கல்பட்டில் அந்தப் பெரியவர் "எங்க தாத்தா கெயங்கு போட்ட காடு" என்று சொன்னபோதுதான் ஆயாவின் கம்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பதிவேடு சிதிலம், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பார்த்தேன். 2 ஏக்கர் 30 சென்ட். எங்க ஆயாவின் மாமனார் பெயர், பெயருக்குப் பின்னால் 'பறையன்', கடைசிக் கலத்தில் அதே இரண்டு எழுத்து. ஜெராக்ஸ் எடுக்க விடவில்லை. கையால் எழுதிக்கொண்டேன். எழுதும்போது கை நடுங்கியது. எங்கள் குடும்பத்தின் பெயரை ஒரு நிலத்துக்கு எதிரே அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருசமாக எங்கள் வம்சத்தின் பத்திரமாக இருந்தது ஆயாவின் வாய் ஒன்றுதான்.

நிலத்தை மீட்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். தம்பி 2017இல் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினான். இரண்டாவது மாடி. அம்மா போய்த் தங்குகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. சந்தோசம்தான். அந்த அடுக்குமாடியின் மூலப் பத்திரம் 1974இல் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின பக்கத்தைத் தேடிப் பார் என்று தம்பி என்னிடம் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். தனி ஆளாக ஒவ்வொருவனும் மனை வாங்கப் போகிற வரைக்கும் இந்த நிலைமைதான். ஒருத்தன் அட்வான்சை இழப்பான், இன்னொருத்தன் கண்ணை மூடிக்கொள்வான்.

ஆகவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரவர் ஊரில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் காடு, எந்த மரத்திலிருந்து எந்த ஓடை வரைக்கும், எந்த வருசம், யார் வாங்கினார்கள், எதற்காக. எழுதி வையுங்கள். பிறகு அ-பதிவேட்டையும், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு மனு போடுங்கள். சர்வே நம்பர் கையில் இல்லாமல் பஞ்சமி நிலம் என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும், நிலம் கிடைக்காது. மனை வாங்கப் போகிறவர்கள், நம்மாளானாலும் மற்றவர்களானாலும், முப்பது வருச வில்லங்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தின பக்கத்தில் ஒரு பெயர் இருக்கலாம். அந்தப் பெயரின் பேரப்பிள்ளைகள் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருப்பார்கள்.

போன மாசம் எங்கள் காட்டைப் போய்ப் பார்த்தேன். மனைப்பிரிவு போட்டுவிட்டார்கள். வேப்ப மரம் இல்லை. ஓடை இருக்கிறது. லேஅவுட் படத்தில் அதற்கு '30 அடி ரோடு' என்று எழுதியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அதில்தான் வரும்.